தேய்ந்த பவர் வால்வு: கழற்றி எறிவதா, லேத்துக்குக் கொண்டு போவதா?

கேள்வி, கிண்ணியா வாசகர், 6 யூலை 2024

யமஹா டீடி200ஆர், தண்ணீரில் குளிரும் பழைய இரண்டு ஸ்ட்ரோக் மாடல். ஐட்லிங்கில் சைலன்சர் பக்கம் கடகட என்று சத்தம். பிஸ்டன் என்று நினைத்துச் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி (ரீபோர்) புது பிஸ்டன் போட்டோம், சத்தம் போகவில்லை. "பவர் வால்வு தேய்ந்துபோச்சு, அதை எடுத்தெறிந்துவிட்டு ஓட்டையை அடை, வண்டி பறக்கும்" என்கிறார்கள். செய்யலாமா? புது வால்வு கொழும்பிலும் கிடைக்கவில்லை.

6 யூலை, இரவு

செய்ய வேண்டாம் தம்பி. இந்த யோசனையால் கெட்டுப்போன நல்ல ட்ரெயில் வண்டிகளைப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பிஸ்டன் கீழே இறங்கும்போது எக்ஸோஸ்ட் வாசலின் மேல்விளிம்பைத் தாண்டியதும் புகை வெளியேறத் தொடங்கும். விளிம்பு உயரத்தில் இருந்தால் வாசல் சீக்கிரம் திறக்கும். வேகமாகச் சுற்றும்போது அதுதான் வேண்டும், ஏனென்றால் புகை வெளியேறக் கிடைக்கிற நேரம் மிகக் குறைவு. மெதுவாகச் சுற்றும்போது அதே உயரம் கெடுதல். எரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளி முடிக்கும் முன்பே வெளியே போய்விடும். பிஸ்டன் திரும்ப மேலே ஏறும்போது புதுக் கலவையிலும் ஒரு பங்கு அதே வழியால் தப்பிவிடும். குறைந்த சுற்றில் அந்த மேல்விளிம்பைத் தாழ்த்தி வைத்து, சுற்று ஏற ஏற உயர்த்துவதுதான் பவர் வால்வின் வேலை. யமஹா இதை 1977இல் வைஇசட்ஆர்500 பந்தய வண்டியில் கொண்டுவந்தது. 1983இல் ஆர்டி350இல் வீதிக்கும் வந்தது.

வால்வை எடுத்துவிட்டால் உங்கள் எஞ்சின் எந்நேரமும் திறந்த வாசலோடுதான் ஓடும். மேல் சுற்றில் பறக்கும், அதில் பொய்யில்லை. ஆனால் நிலாவெளியில் வீதியை விட்டு மணலுக்குள் இறங்கினால் முதல் கியரிலேயே கிளட்சைப் பிடித்துப் பிடித்து விட வேண்டியிருக்கும். கிளட்ச் தட்டுகள் எரியும். நம்முடைய ஊரில் இந்த வண்டியை வைத்திருப்பதன் பயனே மணலும் காட்டுப் பாதையும்தான்.

தேய்ந்த வால்வைத் திருத்தலாம். திருகோணமலையிலேயே திருத்தலாம்.

7 யூலை, காலை

கேள்வியை மறுபடி வாசித்தேன். ரீபோர் என்ற சொல் உறுத்துகிறது. இதை முதலில் பாருங்கள், அதுவரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

வால்வின் முகம் சிலிண்டர் சுவரின் வளைவுக்கு ஏற்ப வெட்டப்பட்டது. மூடிய நிலையில் அதற்கும் பிஸ்டனுக்கும் இடையே விடப்பட்ட இடைவெளி மிகச் சிறியது. சிலிண்டரை 0.50 மி.மீ. பெரிதாக்கினால் சுவர் ஒவ்வொரு பக்கமும் 0.25 மி.மீ. விலகும், அதாவது சுவர் வால்வை நோக்கி அவ்வளவு போய்விடும். 1.00 மி.மீ. என்றால் அரை மி.மீ. அதோடு வால்வு தன் இருக்கையில் தேய்ந்து ஆடினால் அந்த ஆட்டமும் சேர்ந்துகொள்ளும். வால்வின் விளிம்பு பிஸ்டனில் தட்டத் தொடங்கினால் அடுத்தது பிஸ்டன் ரிங் அதில் மாட்டி உடைவதுதான். ரீபோர் செய்கிறவர்களில் பலர் வால்வைக் கழற்றிவிட்டுச் சிலிண்டரை மட்டும் கேட்டு வாங்குகிறார்கள். பிறகு வால்வைப் பொருத்திப் பார்க்கிறவர் யாரும் இல்லை.

சோதிப்பது சுலபம். சைலன்சரைக் கழற்றுங்கள், பிளக்கையும் கழற்றுங்கள். வால்வை மூடிய நிலையில் வைத்து, குங்குமத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்து வால்வின் முகத்தில் மெல்லப் பூசுங்கள். கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தி எஞ்சினை முழுச் சுற்றுச் சுற்றவிட்டு, வாசல் வழியாக டோர்ச் அடித்துப் பிஸ்டன் ஓரத்தைப் பாருங்கள். பிஸ்டனில் சிவப்பு பட்டிருந்தால் வால்வு முட்டுகிறது. படாவிட்டாலும் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டு இடைவெளியை அளந்து எழுதி வையுங்கள். வால்வை விரலால் பிஸ்டன் பக்கம் தள்ளிப் பிடித்தபடி இன்னொரு தடவை அளவுங்கள். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் தேய்மானம்.

9 யூலை

சிவப்புப் படவில்லை என்று கிண்ணியாத் தம்பி எழுதியிருக்கிறார். நல்லது. ஆனால் தள்ளினால் ஆடுகிறது என்கிறார். அப்படியென்றால் சத்தம் வால்வுடையதுதான்.

10 யூலை

பாலையூற்றிலிருந்து ஒருவர் கேட்கிறார்: "வால்வே இல்லாத பழைய டீடி125 நன்றாகத்தானே ஓடுகிறது?" ஓடும். அந்தச் சிலிண்டரில் எக்ஸோஸ்ட் வாசலை நடுத்தரமான உயரத்தில் வெட்டியிருப்பார்கள். வால்வை நம்பி வெட்டிய சிலிண்டரில் வாசல் அதைவிட உயரத்தில் இருக்கும். ஒன்றிலிருந்து வால்வை எடுத்தால் அது மற்றதாகிவிடாது.

13 யூலை

கழற்றும் முறை. என் வண்டியில் உள்ளபடி சொல்கிறேன், உங்களுடையதிலும் அநேகமாக இதுதான்.

வால்வு ஒரு உருளை. எக்ஸோஸ்ட் வாசலின் மேலே குறுக்காகப் படுத்திருக்கும். இரண்டு பாதிகளாக இரு பக்கமும் உள்ளே போய் நடுவில் சேரும். ஒரு முனையில் கப்பி, அதில் இரண்டு கேபிள்கள், கேபிள்களின் மறுமுனையில் சுற்றுக்கு ஏற்ப வால்வைத் திருப்பும் சின்ன சேர்வோ மோட்டர். இரு முனையிலும் ஓரிங்கும் சீலும் உண்டு. கேபிள்களைக் கழற்றும் முன் கப்பி எந்த நிலையில் நிற்கிறது என்று ஃபோனில் படம் எடுங்கள், கேபிள் ஒவ்வொன்றிலும் நிறம் பூசி அடையாளம் வையுங்கள்.

கரி பிடித்திருந்தால் வால்வு வராது. சுத்தியலால் அடிக்க வேண்டாம். நகரத்தில் ஒரு கராஜில் அடித்துக் கழற்றிய வால்வை நான் கையில் வாங்கிப் பார்த்தேன்; முனை காளான் மாதிரி விரிந்து, அது கடந்து வந்த சிலிண்டர் துளையையும் கீறியிருந்தது. தேய்மானத்தைத் திருத்துவதைவிட அந்தக் கீறலைத் திருத்துவது கஷ்டம். மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவிடுங்கள். பிறகு முன்னும் பின்னும் மெதுவாகத் திருப்பித் திருப்பி எடுங்கள். அவசரமில்லை.

வெளியே வந்ததும் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் கையில் கனமாக இருந்தால் எவர்சில்வர் வகை உருக்கு. ஒட்டாமல் இலேசாக இருந்தால் அலுமினியம். என்னுடையது அலுமினியம். அடுத்து நான் எழுதப்போகும் எல்லாவற்றுக்கும் இந்தப் பதில் தேவை.

13 யூலை, பிற்பகல்

மேலே விட்டுப்போனது, முக்கியமானது: அலுமினிய வால்வைக் காஸ்டிக் சோடாவில் போடாதீர்கள். கரி போகும், வால்வும் சேர்ந்து கரையும். அடுப்புச் சுத்தம் செய்கிற ஸ்பிரேகள் சிலவற்றிலும் அதே சரக்குத்தான் இருக்கிறது. நான் பாவிப்பது மண்ணெண்ணெயும் சிரட்டைத் துண்டும். சிரட்டையை உடைத்தால் கிடைக்கிற கூர்மையான ஓரம் கரியைச் சுரண்டும், அலுமினியத்தைக் கீறாது. இடுக்குகளுக்குப் பித்தளைத் தூரிகை.

21 யூலை

அளவெடுப்பது பற்றி.

வேர்னியர் போதாது, மைக்ரோமீட்டர் வேண்டும். வால்வின் இருக்கைப் பகுதியை, அதாவது சிலிண்டர் துளைக்குள் உட்கார்ந்து சுழலும் கழுத்தை, இரண்டு திசையில் அளவுங்கள். பெரும்பாலும் வட்டமாகத் தேய்ந்திருக்காது. ஒவ்வொரு வெடிப்பிலும் புகை வால்வை ஒரே பக்கமாகத் தள்ளுகிறது, அதனால் கழுத்தும் துளையும் அந்தப் பக்கத்தில்தான் கூடுதலாகத் தேயும். கப்பிப் பக்கத்துக் கழுத்தில் கேபிளின் இழுப்பும் சேரும்.

துளையை அளப்பதுதான் சிக்கல். உள் அளவுக் கருவி எல்லா லேத் பட்டறையிலும் இருக்காது. என்.சி. வீதிப் பக்கம் போட் எஞ்சின் வேலை செய்கிற லேத் அண்ணா ஒருவர் காட்டித்தந்த வழி இது: ஒரு சின்ன உருளையைப் படிப்படியாக, ஒவ்வொரு படியும் 0.02 மி.மீ. கூடுதலாக இருக்கும்படி கடைந்துவிடுவது. எந்தப் படிவரை துளைக்குள் போகிறதோ அதுதான் துளையின் சிறிய அளவு. அந்தப் படி ஒரு திசையில் ஆடினால் துளை நீள்வட்டமாகிவிட்டது. விலை உயர்ந்த கருவிக்கு ஒன்றும் குறையாத கணக்கு.

படகுக்காரர்களுக்கு வேலை செய்கிற பட்டறைக்கே போங்கள் என்று எல்லோருக்கும் சொல்லுவேன். கார் கராஜ்களில் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினைத் திறந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். கடற்கரையில் இன்னும் போட் எஞ்சின்களில் அது நாளாந்த வேலை. தண்டுக்குப் புஷ் (தண்டு சுழலும் துளைக்குள் இறுக்கும் குழாய்த் துண்டு) கடைந்து போடுவது அவர்களுக்குப் பழகிய காரியம், நல்ல வெண்கலத் துண்டும் அவர்களிடம் இருக்கும்.

22 யூலை

சரி, எதைத் திருத்துவது? வால்வின் கழுத்தையா, சிலிண்டரின் துளையையா?

துளை நல்லபடி வட்டமாக இருந்து கழுத்து மட்டும் தேய்ந்திருந்தால் அதிர்ஷ்டம். கழுத்தைக் கொஞ்சம் கடைந்து மெலிதாக்கி, மேலே எவர்சில்வர் உருக்கு வளையம் ஒன்றை இறுக்கி ஏற்றி, பிறகு சரியான அளவுக்கு மறுபடி கடையலாம். ஆர்கன் வெல்டிங்கால் அலுமினியத்தை ஏற்றியும் கடையலாம். ஆனால் வெல்டிங் சூட்டில் வால்வு வளையக்கூடும், வெல்டிங் பட்ட இடம் மிருதுவாகவும் ஆகிவிடும். நான் வளையத்தின் பக்கம்.

துளையும் போய்விட்டால் அதைப் பெரிதாக்கி வெண்கலப் புஷ் போட வேண்டும். பித்தளை என்று கொடுத்தால் வாங்காதீர்கள். பித்தளையில் நாகம் கலந்திருக்கிறது, சூட்டில் சீக்கிரம் தளரும். பொஸ்பர் வெண்கலம் நல்லது. அலுமினிய வெண்கலம் கிடைத்தால் இன்னும் நல்லது.

25 யூலை

இடைவெளி எவ்வளவு விட வேண்டும் என்று மூதூரிலிருந்து கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். குளிர்ந்த எஞ்சினில் அழகாக, ஆட்டமே இல்லாமல் பொருத்துவார்கள். சூடானதும் வால்வு இறுகி நின்றுவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அலுமினியம் ஒரு பாகை சூடேறினால் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 23 மைக்ரோன் (மைக்ரோன் என்பது மி.மீ.இல் ஆயிரத்தில் ஒன்று) நீளும். கழுத்தின் விட்டம் 20 மி.மீ. என்று வைப்போம். வால்வு புகைக்குள் நிற்கிறது, சிலிண்டரோ தண்ணீரால் குளிர்கிறது. வால்வு 200 பாகை ஏறினால் கழுத்து 0.092 மி.மீ. பெருக்கும். துளையைச் சுற்றியுள்ள உலோகம் 70 பாகைதான் ஏறினால் துளை 0.032 மி.மீ. பெருக்கும். வித்தியாசம் 0.06 மி.மீ. ஆக, குளிரில் விட்டத்தில் 0.06 மி.மீ. இடைவெளிகூட இல்லாவிட்டால் வால்வு சூட்டில் பிடித்துக்கொள்ளும். ஒயிலுக்கும் கரிக்கும் கொஞ்சம் இடம் வேண்டும், அதனால் நான் 0.08இலிருந்து 0.10வரை விடுகிறேன். சூடுகள் நான் கணக்குக்கு எடுத்தவை, உங்கள் வண்டியில் கூடலாம் குறையலாம். சேர்விஸ் புத்தகம் கையில் இருந்தால் அதில் உள்ள அளவுதான் வேதம்.

முழு வால்வையும் எவர்சில்வர் உருக்கில் புதிதாகக் கடைந்தால்? அது பாகைக்கு 17 மைக்ரோன்தான் நீளும், அதே கழுத்து 0.068 மி.மீ. பெருக்கும். இடைவெளியைக் குறைவாக விடலாம். ஆனால் அலுமினியத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு கனம். பழைய சேர்வோ மோட்டரும் நைந்த கேபிளும் அதை இழுக்க வேண்டுமே என்று யோசனையாக இருக்கிறது.

26 யூலை

நேற்று எழுதியதோடு சேர்த்து வாசியுங்கள். வளையமும் புஷ்ஷும் சூட்டில் ஒன்றுபோல நடக்காது.

கழுத்தின் மேல் ஏற்றிய உருக்கு வளையத்துக்குள்ளே அலுமினியம். சூடானால் உள்ளே இருப்பது அதிகம் பெருக்கும், வளையம் இன்னும் இறுகும். பயமில்லை. சிலிண்டர் துளைக்குள் போட்ட வெண்கலப் புஷ் இதற்கு மாறு. வெளியே அலுமினியம் 23, உள்ளே வெண்கலம் 18. துளை கூடுதலாகப் பெருக்கும், புஷ் தளரப் பார்க்கும். 24 மி.மீ. வெளிவிட்டமுள்ள புஷ்ஷுக்கு 70 பாகையில் வித்தியாசம் 0.008 மி.மீ.தான். அதனால் 0.03 மி.மீ. இறுக்கத்தில், அதாவது புஷ்ஷைத் துளையைவிட அவ்வளவு பெரிதாகக் கடைந்து, போட்டால் சூட்டிலும் பிடித்து நிற்கும். 0.01 இறுக்கத்தில் போட்டவை சுழன்று வெளியே வந்ததைக் கேள்விப்பட்டிருக்கிறேன். காரணம் இதுதான்.

27 யூலை

புஷ்ஷை இறக்குவது. பட்டறைகளில் காஸ் விளக்கால் சிலிண்டரைச் சூடாக்கப் பார்ப்பார்கள். விடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் கொதிக்கும். உள்ளே இரும்பு உறை (லைனர்) உள்ள சிலிண்டர் என்றால் அலுமினியம் அளவுக்கு மீறிப் பெருத்து லைனரே அசையக்கூடும். பேக்கரிப் போறணையில் வைத்தவர்களும் உண்டு. அதன் சூடு எவ்வளவு என்று சரியாகத் தெரியாமல் வைப்பது எனக்குச் சம்மதமில்லை.

கொதிநீர் போதும். பெரிய கிடாரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டுச் சிலிண்டரை அதற்குள் இறக்குங்கள். எவ்வளவு எரித்தாலும் 100 பாகைக்கு மேல் போகாது, எல்லாப் பக்கமும் ஒரே சூடு. நம் ஊர் 30 பாகையிலிருந்து 100க்குப் போனால் 24 மி.மீ. துளை 0.039 மி.மீ. திறக்கும். புஷ்ஷை முதல் நாளே ஃப்ரீசரில் வைத்திருந்தால் அது 0.019 அளவு சுருங்கியிருக்கும். 0.03 இறுக்கத்தைக் கழித்தாலும் நழுவி உட்காரத் தாராளமாக இடம் இருக்கிறது. கையுறை போட்டு, தயங்காமல் ஒரே தள்ளில் அடிவரை தள்ளிவிடுங்கள். பாதியில் நின்றால் சில நொடிகளில் சூடு சமமாகிப் பிடித்துவிடும். வெளியே எடுத்ததும் லைனரைத் துடைத்து ஒயில் பூசுங்கள், இல்லாவிட்டால் சிலிண்டர் ஆறுவதற்குள் துரு ஏறிவிடும்.

அப்புறம்தான் புஷ்ஷின் உட்புறத்தைக் கடைந்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும். முன்பே அளவாகக் கடைந்தால் இறுக்கத்தில் உட்துளை சுருங்கி அளவு கெடும். இரண்டு பக்கத் துளையும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும் என்பதை லேத்காரரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ஒரு பக்கம் நல்லதாக இருந்தால் அதை வழிகாட்டியாகப் பிடித்து மறுபக்கத்தைக் கடையலாம். இரண்டும் போயிருந்தால் நேராக வருவது அவர் கைத்திறமைதான்.

3 ஆகஸ்ட்

மூதூர்த் தம்பியின் வண்டி கவாசாகி கேடிஎக்ஸ்200 என்று இப்போதுதான் சொல்கிறார். அது வேறு அமைப்பு. சேர்வோ மோட்டர் இல்லை. கிராங்கோடு சுழலும் குண்டுகள் வேகத்தில் விலகி ஒரு தண்டைத் தள்ளும். அந்தத் தண்டின் பற்கள் பக்கத்து வாசல்களில் உள்ள உருளைகளைத் திருப்பும். அங்கே கழுத்தைவிடப் பற்கள்தான் முதலில் தேயும், உருக்குத் தண்டோடு அலுமினியப் பல் உரசுவதால். பல் தேய்ந்தால் ஒரு உருளை திறந்து மற்றது பாதியில் நிற்கும்.

அதற்குச் சிலர் செய்வது: பல் பகுதியை மட்டும் கடைந்து எடுத்துவிட்டு, உருக்கில் பல்சக்கரம் வெட்டிப் பின் அடித்துப் பொருத்துவது. செய்ய முடியும். ஆனால் பல்லின் நிலை ஒரு பல் மாறினாலும் உருளை தவறான இடத்தில் திறக்கும். பழையதைக் கழற்றும் முன் இரண்டு உருளையும் தண்டும் சேரும் இடத்தில் கோடு கீறி வைக்காமல் தொட வேண்டாம். உருளைகள் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும் தேய்கின்றன. மாற்றுவதானால் தேய்ந்ததை மட்டும் தேடலாம்.

11 ஆகஸ்ட்

நடு போல்ட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். என்னைக் கேட்டால் இந்த வேலை முழுவதிலும் ஆபத்தான இடம் அதுதான்.

இரண்டு பாதியையும் சேர்க்கிற போல்ட் புகையின் நடுவே நிற்கிறது. அது தளர்ந்தால் பாதிகள் விலகும், உருளை சாயும், வாசலின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிடத் தாழ்ந்திருக்கும். கழன்றால் போல்ட் சிலிண்டருக்குள் விழக்கூடும். கடையில் கிடைக்கிற சாதாரண நீலநிறத் திருகுப்பசை இங்கே நிற்காது. 150 பாகையைத் தாண்டினால் அந்த வகையின் பிடிப்பு குறைந்துவிடும். சூடு தாங்கும் வகையை வாங்குங்கள். மரைகளில் கரியும் எண்ணெயும் இல்லாமல் பெற்றோலால் கழுவிக் காயவிட்டுப் பூசுங்கள். பழைய போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். இறுக்கிய பிறகு தலையின் ஓரத்தில் சென்டர் பஞ்ச் என்கிற கூர்முனை இரும்பால் ஒரு சின்னத் தட்டுத் தட்டி உலோகத்தை மடித்துவிடுவது என் வழக்கம். அடுத்த தடவை கழற்றக் கஷ்டமாக இருக்கும். பரவாயில்லை.

பாதிகள் சேரும் நாக்கும் காடியும் தேய்ந்திருந்தால், கப்பி திரும்பும்போது தூரத்துப் பாதி கொஞ்சம் தாமதித்துத்தான் திரும்பும். கையில் பிடித்து இரு முனையையும் எதிரெதிராகத் திருப்பிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கழுத்தைத் திருத்தி மட்டும் பயனில்லை.

18 ஆகஸ்ட்

கிண்ணியாத் தம்பியின் வால்வு லேத்தில். கழுத்து இரண்டும் போயிருக்கின்றன, துளை கப்பிப் பக்கத்தில் மட்டும். அதனால் ஒரு புஷ், இரண்டு வளையம். எல்லாவற்றுக்கும் புஷ் போடலாம் என்று லேத்காரர் சொன்னாராம். நல்ல துளையைத் தொட வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். அதுதான் மற்றத் துளைக்கு வழிகாட்டி.

1 செப்டெம்பர்

பொருத்தியாயிற்று, ஆனால் "மேலே இழுக்கவில்லை, ஒரு வேகத்துக்கு மேல் அடைத்தது போல இருக்கிறது" என்கிறார். வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். லேத் வேலையைக் குறை சொல்லும் முன் கேபிளைப் பாருங்கள்.

கப்பியில் ஒரு அடையாளம் இருக்கும், மூடியில் அதற்கு நேரான இடம் இருக்கும். சேர்வோவின் கப்பியிலும் அப்படியே. சேர்வோ தன் நடுநிலைக்கு வந்து நிற்கும்போது வால்வுக் கப்பியின் அடையாளமும் நேராக நிற்கும்படி இரண்டு கேபிளையும் சரிசெய்ய வேண்டும். இரண்டிலும் சிறிதளவு தொய்வு விடுங்கள். இறுக்கிப் பிடித்தால் மோட்டர் எல்லை தேடித் துடித்துக்கொண்டே இருக்கும். சரிசெய்த பின் சைலன்சர் இல்லாமல் சாவியைப் போட்டுப் பாருங்கள். சேர்வோ உள்ள பல யமஹாக்களில் சாவி போட்டதும் வால்வு ஒரு தடவை முழுதாகத் திறந்து மூடும், கரி பிடிக்காமல் இருப்பதற்காக. அந்த நேரத்தில் வாசலுக்குள் விரலை விட வேண்டாம், டோர்ச் மட்டும். திறந்த நிலையில் வால்வின் விளிம்பு வாசலின் கூரையோடு சமமாக வர வேண்டும், படி தெரியக்கூடாது.

5 செப்டெம்பர்

கேபிள்தான். ஒரு கேபிளின் உறை முறிந்து உள்ளே கம்பி சுருங்கி நின்றிருக்கிறது. மாற்றியதும் மேலே இழுக்கிறதாம். கடகடச் சத்தமும் இல்லை. எனக்கும் பெரிய சந்தோஷம்.

22 செப்டெம்பர்

சேர்வோ கடைசிவரை துடித்துக்கொண்டே இருந்தால், கேபிளும் சரி வால்வும் சரி என்றால், மோட்டருக்குள்ளே கப்பி எந்த நிலையில் நிற்கிறது என்று சொல்லும் மின்தடை தேய்ந்திருக்கும். முள் உள்ள பழைய மல்ரிமீட்டரைத் தடை அளக்கும் நிலையில் வைத்துக் கப்பியை மெதுவாகத் திருப்புங்கள். முள் சீராக ஏற வேண்டும். இடையில் குதித்தால் அதுதான் நோய். இலக்கம் காட்டுகிற மீட்டரில் இந்தக் குதிப்புத் தெரியாமல் போய்விடும்.

13 ஒக்டோபர்

ஒயில். கரியைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இதை எழுதாமல் விட முடியாது.

நம் கரையில் போட் எஞ்சின் ஒயில் எந்தக் கடையிலும் கிடைக்கும், அதனால் வண்டிக்கும் அதையே ஊற்றுகிறார்கள். டீசி-டபிள்யூ3 என்று எழுதியிருப்பது படகு எஞ்சினுக்கு. அந்த எஞ்சின் கடல் தண்ணீரில் குளிர்ந்துகொண்டே ஓடுவது. அந்த ஒயிலில் சாம்பல் தரும் சுத்திகரிப்புப் பொருட்கள் இல்லை. வீதி வண்டியின் சூட்டுக்கு அது செய்யப்படவில்லை. ஜாசோ (ஜப்பானியத் தரம்) எஃப்சி அல்லது எஃப்டி என்று டப்பாவில் போட்டிருப்பதை வாங்குங்கள். எஃப்டி கரியைக் குறைவாகத் தங்கவிடும். அதற்காக ஒயில் பம்ப் தருவதைவிடக் கூடுதலாகப் பெற்றோல் தாங்கிக்குள்ளும் ஒயிலைக் கலக்கிறவர்கள் இருக்கிறார்கள். எஞ்சினுக்கு நல்லது என்ற எண்ணம்தான், ஆனால் அந்தக் கூடுதல் ஒயில் பாதி எரிந்து வந்து உட்காருகிற இடம் இதே வால்வு.

10 நவம்பர்

மழை தொடங்கிவிட்டது. குச்சவெளிப் பக்கம் மணலில் ஓட்டிவிட்டு வந்து தைமாதம்வரை வண்டியை மூடி வைப்பவர்களுக்கு இது.

உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளையாகப் பூக்கும். அதோடு வெண்கலமோ எவர்சில்வரோ ஒட்டி நின்றால் அலுமினியம் இன்னும் வேகமாக அரிபடும். இரண்டு உலோகமும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் மின்கலம்தான். நாம் திருத்திய வால்வில் இந்தச் சேர்க்கையை நாமே உண்டாக்கியிருக்கிறோம். உட்பக்கம் ஒயில் படிந்திருப்பதால் தப்பும். வெளி ஓரம், சீலுக்கு வெளியே இருக்கிற பகுதி, தப்பாது. புஷ் போட வேண்டாம் என்று இதற்காகச் சொல்லமாட்டேன். ஆனால் கொழும்பில் அல்லது கண்டியில் இருப்பவர் செய்வதைவிட நாம் ஒன்று கூடுதலாகச் செய்ய வேண்டும்: சீல், ஓரிங் இரண்டையும் பழையதே போதும் என்று திரும்பப் போடாமல் புதிதாகப் போட்டு, வெளி ஓரத்தில் சூடு தாங்கும் கிறீஸ் வைப்பது. மூடி வைத்திருக்கும் மாதங்களிலும் வாரத்துக்கு ஒருமுறையாவது சாவியைப் போட்டு வால்வை அசைய விடுங்கள். அசையாமல் இருந்தால்தான் அது ஒட்டும்.

வண்டியைக் கழுவும்போது கப்பி மூடிக்கு நேரே பிரஷர் வோஷ் அடிக்க வேண்டாம்.

8 டிசம்பர்

உப்புவெளியிலிருந்து ஒருவர்: சீல் மாற்றியும் கப்பிப் பக்கத்தில் கறுப்பு ஒயில் கசிகிறதாம். சீல் புதிது என்பது போதாது, அது உரசுகிற கழுத்தின் மேற்பரப்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பழைய சீல் அங்கே ஒரு பள்ளம் வெட்டியிருக்கும், நகத்தால் தடவினால் தட்டுப்படும். புதுச் சீலை ஒரு மி.மீ. உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்கார வைக்க இடம் இருந்தால் பள்ளத்தைத் தவிர்க்கலாம். இடம் இல்லாவிட்டால் அந்தக் கழுத்துக்கும் வளையம்தான். எப்படியும் லேத்தில் ஏற்றுகிறீர்கள் என்றால் வளையத்தைச் சீல் உட்காரும் இடம்வரை நீட்டிப் போடச் சொல்லுங்கள், ஒரே வேலையோடு முடியும்.